அண்ணன் வண்டிக்கு வேறு எஞ்சின்

மார்ச் 9, ஞாயிறு

இன்று சாயங்காலம் அண்ணன் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவர் இறந்ததிலிருந்து போர்டிகோவிலேயே நின்ற அந்தப் பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்.

டிசம்பர் வெள்ளம் வடிந்த மறுநாள், எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும் என்று யோசிக்காமல் சாவியைத் திருகினேன். உள்ளே ஏதோ உடைந்தது. வெள்ளத்தில்தான் போய்விட்டது என்று அண்ணி நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

அதே எஞ்சின் எங்கும் கிடைக்கவில்லை. படப்பையில் பழைய கார்களைப் பிரித்து விற்பவரிடம் வேறொரு காரின் எஞ்சின் வாங்கி, மெக்கானிக் சலீம் பாயும் நானும் ஏழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாட்டினோம். இது இனி ஓடும் என்று அண்ணி நம்பவே இல்லை.

"சத்தம் கேளு தம்பி, தையல் மிஷின் கணக்கா கீது," என்றார் பாய்.

எனக்கு அப்போதே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் இருந்தபோது, வண்டி தெருமுனை திரும்பும் உறுமலைக் கேட்டே அண்ணி தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார். இன்று சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே பத்து நிமிஷம் ஓடவிட்டேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டு மாடிக்குப் போனேன். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"கீழ யாரோட வண்டி அது? ரொம்ப நேரமா நின்னுக்கிட்டு இருந்துச்சே. யாராவது வந்திருக்காங்களா?"

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "யாரும் வரல அண்ணி," என்றேன்.