சிவப்பு டர்போவும் என் கறுப்பியும்

செப்டம்பர் 14, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. நேற்று சாயங்காலம் கறுப்பிக்கு மெழுகு போட்டுத் துடைத்தது எல்லாம் வீண். சக்கரம் நாலிலும் சேறு.

வழக்கம்போல ரொட்டி சானாய் கடை. நான், ஆ செங், பல் டாக்டர், என் வீட்டுக்காரி சரோஜாவின் தம்பி குமார். கறுப்பிக்கு மட்டும் மரத்தடி. மற்ற கார்கள் வெயிலானாலும் மழையானாலும் ரோட்டோரம். இதை யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. எனக்கே என்று விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். லூமுட்டுக்கு மீன் வாங்கப் போகும்போதும் அப்படித்தான். முதல் கார் என் கார். எவனும் முந்த மாட்டான்.

குமார் ஓர் இங்கிலாந்துப் பத்திரிகையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். குழம்பு பட்டுவிடப் போகிறது என்று அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஹாட் ஹேட்ச் என்று ஒரு புது ஜாதிக் காராம். பின்னால் ஆடு ஏற்றுகிற கதவு. முன்னால் ராக்கெட்டாம்.

"டர்போ, மச்சான். புக் பண்ணிட்டேன். செவப்பு."

நான் டீயைக் குடித்தேன்.

ஆ செங் டயர் கடைக்காரன். அவன் அப்பா ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்துத் தமிழர்களுக்குக் கடை வைத்திருந்தவர். அதனால் அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தமிழில் நக்கல் அடிக்க வரும். "அண்ணே, இனிமே லூமுட்டுக்கு நீங்க பின்னாடிதான் வருவீங்க லா. பொகை தின்ன மூக்கு தொடைச்சி வைங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ரொட்டி போடுகிறவன்கூட. அவனுக்கு என்ன தெரியும் என்று சிரிக்கிறான்?

வீட்டில் சொன்னேன். சரோவும் சிரித்தாள்.

செப். 18, வியாழன்

வெயில். என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கூட்டமில்லை. ஈயம் விலை விழுந்ததிலிருந்து லகாட் பக்கத்துச் சுரங்க லோரிக்காரர்கள் பிரேக் ஷூ வாங்கவே யோசிக்கிறார்கள். பெல்ட் இரண்டு விற்றது. மத்தியானம் முழுக்க பத்திரிகை படித்தேன். (குமார் கடையில் "மறந்து" விட்டுப்போனது. வேண்டுமென்றே.)

ஆக, போட்டி மூன்று:

ஒன்று, பல் டாக்டரின் வெள்ளை ஜெர்மன். அவர் பேச்சைக் கேட்டால் அந்தக் காரைக் கோயிலில்தான் வைக்க வேண்டும். கதவு சாத்துகிற சத்தத்தை எல்லாருக்கும் போட்டுக் காட்டுவார். கேட்டீங்களா, கேட்டீங்களா என்று. கேட்டோம் டாக்டர், போன வாரமும் கேட்டோம்.

இரண்டு, ஆ செங்கின் நீலம். டர்போ கிடையாது. வால்வு அதிகம். கத்தும். நாய் ஊளையிடுகிற மாதிரி கத்திக்கொண்டே ஓடும். அதைச் சங்கீதம் என்கிறான்.

மூன்று, குமாரின் சிவப்பு. இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே காது புளித்துவிட்டது.

மூன்றும் முன்சக்கரத்தால் இழுத்துக்கொண்டு போகிற வண்டிகள். மாட்டு வண்டியும் அப்படித்தான். கறுப்பி பின்னாலிருந்து தள்ளும். கார் என்றால் முதுகில் தள்ள வேண்டும். இதை இங்கிலாந்துக்காரன் எழுதவில்லை.

செப். 27, சனி

வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டு வாசலில் ஹார்ன். சரோ கையில் மாவோடு ஓடினாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, எதிர்வீட்டுப் பிள்ளைகள், எல்லாரும் சுற்றி நின்றார்கள். சின்ன கார். பானெட்டில் ஒரு துவாரம், காற்று உள்ளே போக. தவளை வாய்.

"ஏறுங்க மச்சான். நீங்க சொன்னாத்தான் எனக்கு திருப்தி."

லகாட் ரோட்டில் போனோம். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைத் தாண்டியதும் ரோடு காலி. மிதித்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சிரிக்க வாயைத் திறந்தேன். அப்புறம் டர்போ பிடித்தது. என் வயிறு போய் சீட்டில் ஒட்டிக்கொண்டது.

"எப்படி மச்சான்?"

"பரவால்ல. ஸ்டேரிங் லேசா இருக்கு. ஹார்ன் நல்லால்ல."

அவன் முகம் விழுந்துவிட்டது. ஹார்னை மாற்றிவிடுகிறேன் என்றான். முப்பது வயது ஆள், பேங்கில் ஆபீசர், என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காக அப்படிப் பார்க்கிறான். அது எனக்கு இன்னும் எரிச்சல். எதிரியாகவாவது இருந்து தொலைக்கலாமே.

சரோ ஒரு சுற்றுப் போய் வந்தாள். "குலுங்கவே இல்ல. உங்க கார்ல வந்தா எனக்கு இடுப்பு கழண்டு போவுது."

கழண்டு போகிறதாம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் தெரிந்ததாக்கும்.

அக்டோபர் 3, வெள்ளி

கோயிலில் சிவப்புக்குப் பூஜை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், பூசணிக்காய். குமார் வேட்டி கட்டியிருந்தான். மாப்பிள்ளை மாதிரி.

மாலை சரோவின் உபயம். பாசார் பூக்கடையில் சொல்லி வைத்துக் கட்டியது. கை மொத்தம், மஞ்சள் சாமந்தி, நடுநடுவே துளசி, இரண்டு சுற்று. மந்திரி வந்தால்கூட அவ்வளவு பெரிய மாலை போட மாட்டார்கள். குருக்கள் தொங்கவிட்டார். முன்பக்கம் கிரில் மறைந்தது. மிச்சத்தை மேலே தூக்கி பானெட் துவாரத்துக்குள் சொருகினார், அழகாக இருக்கட்டும் என்று. ரேடியேட்டருக்கும் காற்றில்லை, டர்போவுக்கும் காற்றில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

குமார் கேட்டான்: "அக்கா, இதோட ஓட்டலாமா?"

"சாமிக்குப் போட்டது. கைய வச்சி கழட்டக்கூடாது. தானா வாடி விழணும்."

குமார் என்னைப் பார்த்தான். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

பிரசாதம் சர்க்கரைப் பொங்கல். நெய் போதாது.

அக். 4, சனி

மழை மேகம். பெய்யவில்லை. புழுக்கம்.

குமார் போன். நாளைக்கு லூமுட் வேண்டாமாம். புக்கிட் பெராபிட் ஏற்றத்தில் மூன்று காரையும் ஏற்றிப் பார்க்கலாமாம். யார் வண்டி நல்ல வண்டி என்று நான்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

"மால இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"அப்படியே இருக்கு மச்சான். பூ கூட கொட்டல. ராசி லா!"

"ம்."

அவ்வளவுதான் சொன்னேன். டவுனுக்குள் வீட்டுக்கும் பேங்குக்கும் ஓட்டினால் தெரியாது. ஏற்றத்தில் தெரியும். சூடு ஏறும், ஓரத்தில் நிற்பான், ஆவி வரும், ஆ செங் சிரிப்பான். ஒரு தடவை சூடு ஏறினால் இஞ்சின் ஒன்றும் செத்துவிடாது. பையனுக்கு ஏற்றம் என்றால் என்ன என்று புரியும். கறுப்பி முன்னால் போகும்.

இரவு சாப்பிடும்போது சரோ: "நானும் நாளைக்கு வாரேன். தம்பி கார்ல."

அவள் வந்ததே இல்லை. வேண்டாம், ரோடு வளைவு, தலை சுற்றும் என்றேன். தம்பி காரில் சுற்றாது என்றாள். சண்டை. எனக்கும் கோபம் வந்துவிட்டது. போ என்றேன்.

அக். 5, ஞாயிறு

எழுத்து கோணல்.

கோல கங்சார் தாண்டி ஏற்றம் ஆரம்பம். குமாரை முன்னால் விட்டேன். "போ, காட்டு" என்றேன். போனான். இரண்டாவது வளைவிலேயே சிவப்பைக் காணவில்லை. கறுப்பியை எவ்வளவு மிதித்தும் பிடிக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். சூடு ஏறு, சூடு ஏறு என்று வாய்விட்டே சொன்னேன்.

ஏறியது.

வளைவுக்கு அந்தப் பக்கம் சிவப்பு நிற்கிறது. ஓரத்தில் ஒதுங்கவும் இடமில்லை. இடது பக்கம் பாறை, கதவைத் திறக்க முடியாத அளவுக்கு ஒட்டி. ஆவி. குமார் வெளியே. சரோ உள்ளே, இடது சீட்டில், கதவைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். மேலிருந்து மரக்கட்டை ஏற்றிய லோரி. வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நம் பக்கத்துக்கே இறங்குகிறது.

லோரி ஹார்ன். பிரேக் நாற்றம். குமார் பாறையில் ஒட்டிக்கொண்டான். நான் கறுப்பியிலிருந்து இறங்கினேனா, விழுந்தேனா, தெரியாது. அவள் பெயரைக் கத்தினேன்.

லோரி கடைசியில் விலகியது. சிவப்பின் வலது கண்ணாடியை மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. நிற்கவில்லை.

ஓடினேன். ஓடின வேகத்தில் மாலையில் கை வைத்துப் பிய்த்தேன். இரண்டு கையாலும், துவாரத்துக்குள்ளிருந்தும் கிரில்லிலிருந்தும். கறுப்பியின் பின்சீட்டில் வீசினேன். அப்புறம்தான் அவளை வெளியே இழுத்தேன்.

தண்ணீர் ஊற்றி, ஆற வைத்து, சாவி போட்டால் கார் ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமியது.

மலை இறங்கி வந்து பாடாங் ரெங்காசில் கோப்பிக் கடை. பல் டாக்டர் தீர்ப்பை அவரே சொல்லிவிட்டார்: டர்போ என்றால் இப்படித்தான், ஜெர்மன் பக்கம் வாருங்கள். ஆ செங்குக்குச் சிரிப்பே வரவில்லை.

குமார் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கி. "மச்சான் கண்ணு கண்ணு லா! பானெட்டுகூட தொறக்கல. மீட்டர பாக்கல. எறங்கின ஒடனே மாலதான்னு கண்டுபுடிச்சிட்டாரு. இவருக்கு பின்னாடி போறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

சரோ கோப்பியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "தொறக்காமலே."

திரும்பும்போது நான்தான் முதல் கார். அவள் தம்பி காரிலேயே ஏறிக்கொண்டாள்.

அக். 7, செவ்வாய்

மழை. சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறது. பேச்சில்லை. காரமும் இல்லை, உப்பும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன்.

மாலை இன்னும் கறுப்பியின் பின்சீட்டில். அழுகிய வாசனை. ஆற்றில்தான் விட வேண்டும், குப்பையில் போடக்கூடாது. எடுக்கக் கை வரவில்லை.

கடையில் ஒருவன் வந்து, உங்க கார் டர்போவைத் தோற்கடிச்சுதாமே என்றான். செய்தி பரவியிருக்கிறது. அவனுக்கு பிளக் விலையைக் கூட்டிச் சொன்னேன். போய்விட்டான்.

அக். 9, வியாழன்

இன்று பேசினாள்! இட்லி வைத்துக்கொண்டே, சாதாரணமாக:

"ரேடியேட்டர்னா எங்க இருக்கும்?"

"முன்னாடி. கிரில்லுக்குப் பின்னாடி."

"எல்லாக் காருக்கும் அங்கதானா?"

"பெரும்பாலும்."

"உங்க காருக்கு?"

"அங்கதான்."

"ஓ."

இன்னொரு இட்லி வைத்தாள். கோபம் தணிகிறது என்று நினைக்கிறேன். கார் விஷயம் கேட்டதே இல்லை இத்தனை வருஷத்தில்.

அக். 10, வெள்ளி

வெயில். குமாரின் காருக்குக் கண்ணாடி மாட்ட ஆ செங்கிடம் கொண்டு போனேன். குமாருக்குப் பேங்க் வேலை. திரும்பும்போது நேரே வீட்டுக்கு வரவில்லை. லூமுட் ரோட்டில் கொஞ்ச தூரம் போனேன், தனியாக.

எனக்கு மட்டும் எழுதிக்கொள்கிறேன். நல்ல கார். மூன்றிலும் இதுதான். ஜெர்மன் கனம், நீலத்துக்குச் சத்தம்தான். இது வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கறுப்பி கிழவியாகிவிட்டாள். மாலை இல்லாமல் அன்றைக்குக் குமார் ஏறியிருந்தால் மேலே போய் எனக்காகக் கோப்பி வாங்கி வைத்திருப்பான்.

அவன் மேல் கோபம்தான் வருகிறது, இதிலும். கார் நல்ல கார் என்பதற்காக. பிறகு அந்தப் பாறையும், உள்ளிருந்து கதவைத் தள்ளுகிற கையும் ஞாபகம் வந்து வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டேன்.

குமாரிடம் சாவியைக் கொடுக்கும்போது "ஹார்ன் பரவால்ல" என்றேன். சந்தோஷப்பட்டான். மடையன்.

அக். 12, ஞாயிறு. ஆயுத பூஜை

வானம் தெளிவு. விடியுமுன் சரோ எழுந்துவிட்டாள். தையல் மிஷின், அரிவாள்மனை, என் ஸ்பானர் செட், கடைத் தராசு, எல்லாவற்றுக்கும் சந்தனம், பொட்டு. வடை, சுண்டல். குமார், ஆ செங், டாக்டர் மூவரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வாசலில் நாலு கார். ஆ செங்கும் டாக்டரும் இலையில் உட்கார்ந்து போட்டி போட்டார்கள்.

வெளியே வந்து பார்த்தேன். குமாரின் சிவப்புக்குக் கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகை. டாக்டருக்கும் ஆ செங்குக்கும் அதே.

கறுப்பிக்கு மாலை. சாமந்தி, கை மொத்தம், துளசி வைத்து, இரண்டு சுற்று. கிரில் தெரியவில்லை. ஓட்டையில்லாமல் அழுத்தி, நூல் போட்டுக் கட்டியிருக்கிறாள். பின்சீட்டில் கிடந்த பழைய மாலையைக் காணவில்லை. ஆற்றில் விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

"ஐயோ, அக்கா, இதுல காத்து போவாதே!" குமார் கை நீட்டினான்.

"தொடாத. சாமிக்குப் போட்டது. தானா வாடி விழணும்." என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "இன்னைக்கு லூமுட் வேணாம். புக்கிட் பெராபிட் போலாம். இவருதான் மொத கார். நான் இவரு பக்கத்துல ஒக்கார்றேன்."

ஆ செங் வடையை வாயில் வைத்தபடி நின்றான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கழட்டு என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று குமாரே கேட்பான்.

அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். புதுச் சேலை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

பர்ஸ் எடுத்து வருகிறேன் என்று உள்ளே வந்தேன். பர்ஸ் பாக்கெட்டிலேயே இருக்கிறது. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ஹார்ன் அடிக்கிறாள்.

மறுபடி.