கடலுக்குப் போகிற தண்ணீர்

அக்கா,

போன கிழமை பாரை மீன் எடுக்கத்தான் ஃபிரீசரைத் திறந்தேன். மகள் வருகிறாள், குழம்பு வைக்கவேண்டும். முருங்கையிலைப் பையையும் ஒடியல்மாப் பையையும் தூக்கி வெளியில் வைத்தால், அடியில் உங்களுடைய ஐஸ்கிரீம் பெட்டி. மூடியில் உங்கள் கையெழுத்து: "இது ஐஸ்கிரீம் இல்லை. திறக்கவேண்டாம்." என் பேரப்பிள்ளைகளை நம்பாமல் எழுதியது. திறந்தேன். குளிரில் விறைத்த வாழைக்குற்றி, அதற்கு மேல் மடித்த வாழையிலை, செவ்வந்திப் பூ, நடுவில் ஒரு மெழுகுதிரி, ஓரத்தில் அரைக் குச்சி ஊதுவத்தி. ஊதுவத்தி மணம் இன்னும் இருந்தது. மீன் வாசத்தையும் மீறி இருந்தது.

ஒரு வருசமாக அதற்கு மேல் மீனை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மறந்துபோய் அடுக்கினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தெரிந்துதான் அடுக்கினேன். உங்களுக்கு நான் ஒரு பொய் சொன்னேன், அக்கா. நீங்கள் அதை நம்பிக்கொண்டு போய்விட்டீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்தில் அந்த முதியோர் இல்லத்தின் உடுப்புத் தோய்க்கிற அறையில் நீங்களும் நானும். சமையலறையில் நொய். தாய்லாந்துக்காரி, நாலு அடி பத்து அங்குலம், எங்கள் இரண்டு பேரையும்விடப் பெரிய சத்தம். ஒரு சித்திரை மாதம் தேத்தண்ணி நேரத்தில், தங்களுக்கு வருசம் பிறக்கிறது, தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவோம், வாருங்கள் என்று கூப்பிட்டாள். நீங்கள் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "இஞ்சை பாரும், அண்டைக்குத்தானே எங்களுக்கும் வருசம்!" நாங்கள் வருசத்தன்று மஞ்சளும் மூலிகையும் அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்துக் குளிப்பதை நீங்கள் ஆங்கிலத்தில் விளக்கிய விதத்தில், தலையில் ஏதோ வருத்தத்துக்கு மருந்து பூசுகிறோம் என்றுதான் நொய் விளங்கிக்கொண்டாள்.

அவர்களுடைய விகாரை லண்டனின் மறு கோடியில். குட்மேய்ஸில் எலிசபெத் லைன் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, பிறகு பஸ். வருசம் செவ்வாயோ புதனோ பிறக்கட்டும், கொண்டாட்டம் ஞாயிற்றுக்கிழமைதான். "நாளும் நேரமும் பாக்காமல் வருசத்தைத் தள்ளி வைக்கிற ஊர் இது ஒண்டுதான்" என்று ரயில் முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு வந்தீர்கள். வாசலில் வந்ததும் பேச்சு நின்றது. விகாரை என்றதும் உங்கள் கால் போகவில்லை. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஊரில் பௌத்தத்தின் பெயரால் பட்டது அப்படி. "நீர் போயிட்டு வாரும். நான் இதிலை நிக்கிறன்" என்றீர்கள். நொய் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தட்டில் நூடில்ஸ் போட்டுக்கொண்டு வந்து கேற்றுக்கு வெளியிலேயே உங்களுக்குத் தந்தாள். கடைசியில் உங்களை உள்ளே கொண்டுபோனது சமாதானமுமில்லை சமயமுமில்லை. கழிவறை. போனீர்கள், திரும்ப வாசலுக்கு வரவில்லை, கொண்டாட்டத்துக்குள் போய்விட்டீர்கள்.

புல்வெளியில் வயதானவர்களை வரிசையாகக் கதிரையில் இருத்தி, இளையவர்கள் பூவிதழ் போட்ட வாசனைத் தண்ணீரை அவர்களுடைய கைகளில் மெல்ல ஊற்றினார்கள். நீங்கள் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தீர்கள். மருத்துநீர் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று எனக்கே தெரியாது. முதல் கதிரையில் இருந்த கிழவரின் தலையில் நேரே ஒரு இலையை வைத்து, அதற்கு மேல் ஊற்றினீர்கள். வெள்ளைச் சேட்டு, அக்கா. மஞ்சள் கழுத்தால் இறங்கி நெஞ்சு வரைக்கும் வந்தது. நான் ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறலாமா என்று யோசித்தேன். கிழவர் ஒரு விரலால் தொட்டு மணந்து பார்த்தார். பிறகு இன்னும் ஊற்றச் சொல்லித் தலையைக் குனிந்தார். அதற்குப் பிறகு வரிசை உங்களுக்கு முன்னால்தான் நின்றது. பிளாஸ்க் முடிந்ததும், அடுத்த முறை பெரிதாகக் கொண்டுவாருங்கள் என்று நொய்யின் பெரியம்மா சொன்னார். கொண்டுபோனீர்கள், ஒவ்வொரு வருசமும்.

சித்திரையில் உங்களை யாராலும் பிடிக்க முடியாது. கார்த்திகையில்தான் நீங்கள் வேறு ஆள்.

முதல் முறை இல்ஃபோர்ட்டில் ஒரு தாய் சாப்பாட்டுக்கடையின் பின்வளவில் விளக்கு மிதக்கவிட்டார்கள். முழுநிலவு நாளில் தங்கள் ஊரில் ஆற்றில் விடுவது என்று நொய் சொன்னாள். இங்கே பிள்ளைகள் குளிக்கிற காற்றடித்த தொட்டி. வானத்தில் பறக்கவிடுகிற கடதாசிக் கூடுகளையும் இங்கே விடக்கூடாதாம், மதிலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நொய் பாண் ரொட்டித் துண்டுக்கு மேல் பூ வைத்திருந்தாள். நீங்கள் அதைப் பார்த்த பார்வை! "வாழைக்குற்றி இல்லாமலோ?" கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் வாழைக்குற்றி நட்டு விளக்கு வைக்கிற யாழ்ப்பாணத்து ஆளிடம் போய்ப் பாணைக் காட்டினால்? ஒரு கல்யாணத்துக்கென்று வந்திருந்த வாழையில் மிச்சத்தைத் தமிழ்க்கடையில் பிடித்தீர்கள். ஊசி, பின் ஒன்றும் வேண்டாம் என்று புது விளக்குமாற்றை உருவி ஈர்க்கால் இலையைக் குத்தினீர்கள். அங்கே இருந்தவற்றில் உங்களுடையதுதான் வடிவு. எல்லோரும் படம் எடுத்தார்கள்.

இப்போது தண்ணீரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விடுங்கள் என்றாள் நொய். வருசம் முழுக்க அதைக் குடித்தோம், அதில் அழுக்கைக் கொட்டினோம், அதற்காக. உங்கள் முகம் கல்லாகிவிட்டது.

"நான் ஏன் கேக்கவேணும்? அது கேக்கட்டும் என்னட்டை."

மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினீர்கள். குட்மேய்ஸுக்கு இரண்டு தரிப்பு இருக்கும்போது நீங்களாகச் சொன்னீர்கள். தம்பி. மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு வள்ளத்தில் போனவன். வள்ளமும் போய்ச் சேரவில்லை, அவனும் திரும்பவில்லை. என்ன நாள் என்று தெரியாது, ஆகவே திதி இல்லை, திவசம் இல்லை. "உம்மடை கடல்தான்" என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் என் அப்பா தொழில் செய்த கடல் அது. அவர் வலை வீசிய தண்ணீர். நானே ஏதோ பிழை செய்த மாதிரிக் கூசிப்போய் இருந்தேன்.

கார்த்திகை எங்கள் கத்தோலிக்கருக்கு மரித்தவர்களின் மாதம். மாதா கோயிலில் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுப்போம். தம்பியின் பெயரையும் சேர்க்கட்டுமா என்று அடுத்த நாள் கேட்டேன். "செத்தவன் எண்டு ஆர் சொன்னது?" என்றீர்கள். பிறகு நான் கேட்டதில்லை.

ஆனாலும் ஒவ்வொரு வருசமும் வந்தீர்கள், அதுதான் அதிசயம். லண்டனில் இதை எங்கே கொண்டாடலாம் என்று யாராவது கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு புத்தகமே எழுதிக் கொடுத்திருப்போம். பின்வளவுத் தொட்டி உங்களுக்கு விளையாட்டுச் சாமான். பூங்காக் குளத்தில் வைத்தார்கள். அது வடிவாகத்தான் இருந்தது, ஐம்பது அறுபது விளக்கு. ஆனால் அரை மணித்தியாலத்தில் ஒருவர் நீளத் தடியில் வலையோடு வந்து எல்லாவற்றையும் வாரி, அவரவர் விளக்கை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். குளத்தில் ஒன்றும் விடக்கூடாதாம். "திருப்பித் தாறதுக்கு ஏன் விடுவான்?" என்று கேட்டீர்கள். கேள்வி சரியாகத்தான் இருந்தது. அடுத்த வருசம் கால்வாய்க் கரையில் ஒரு கடை. தண்ணீர் அசையவில்லை. தாரா ஒன்று நீந்தி வந்து பக்கத்து விளக்கின் பாணைத் தின்றது. உங்கள் விளக்கு வழக்கம்போல மடியில்.

"ஓடுற தண்ணி வேணும். கடலுக்குப் போற தண்ணி. மற்றதெல்லாம் சும்மா."

ஓடுகிற தண்ணீர் பார்க்கிங்கிலேயே இருந்தது, வேலைக்குப் போகிற வழியில். ரோடிங் ஆறு. தேம்ஸில் விழுந்து கடலுக்குப் போகிறது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை.

போன வருசம் கார்த்திகையில் நீங்கள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. டாக்டர் சொன்னதை உங்கள் மகள் என்னிடம் படியில் வைத்துச் சொன்னாள். நான் முகத்தைக் கழுவிவிட்டு உள்ளே வந்தால், நீங்கள் தலையணையில் சாய்ந்தபடி இலை மடித்துக்கொண்டிருந்தீர்கள். குத்த உங்களுக்குப் பலம் காணவில்லை. ஈர்க்கை நான்தான் குத்தினேன். ஒரு சின்னக் கடதாசியில் பெயர் எழுதி, நாலாக மடித்து, பூவுக்குக் கீழே வைத்தீர்கள். முழுநிலவு வரைக்கும் என் ஃபிரீசரில் இருக்கட்டும் என்று ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்து, மூடியில் எழுதியும் தந்தீர்கள்.

"ஆத்திலை விடும்" என்றீர்கள்.

"மன்னிப்புக் கேக்கவேணுமே அக்கா?" என்று கேட்டேன். உங்களைச் சீண்டத்தான் கேட்டேன், பழைய பழக்கத்தில்.

"கடல் கேக்கப்போறேல்லை. அதுக்கு வாயில்லை. நானே முதல்லை கதைக்கிறன். கோவம் இல்லையெண்டு சொல்லும்."

அக்கா, இனி நான் செய்ததைக் கேளுங்கள். விளக்கை அந்தி நேரத்தில் விடவேண்டும் என்று நொய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எனக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட். ஆகவே மத்தியானம் போனேன். ஆற்றங்கரையில் குனிந்து பெட்டியைத் திறந்து, தண்ணீரைப் பார்த்தேன். அது உள்ளே வந்துகொண்டிருந்தது. கடல் ஏறுகிற நேரம். அந்த ஆறு அலையோடு ஏறும், வற்றும். விட்டிருந்தால் உங்கள் விளக்கு கடலுக்குப் போயிராது, இல்ஃபோர்ட்டுக்குத்தான் வந்திருக்கும். நிலவைப் பார்த்தேன், நாளைப் பார்த்தேன், ஷிப்டைப் பார்த்தேன். மீன்பிடிகாரனின் மகள், தண்ணீரைப் பார்க்கவில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் முகத்தில் விழித்திருக்கமாட்டார்.

அப்படியே நிற்கும்போது போன் அடித்தது.

"விட்டாச்சோ?"

நாளைக்கு வந்து விடலாம், இப்போது சொல்லி ஏன் உங்களை ஏங்க வைப்பான் என்று நினைத்தேன். "ஓம் அக்கா, விட்டாச்சு" என்றேன்.

"எந்தப் பக்கம் போச்சுது?"

"கடல் பக்கம். நேரே போச்சுது அக்கா. மெழுகுதிரி நூரேல்லை, எரிஞ்சபடிதான். பாலத்துக்குக் கீழாலை போகுமட்டும் பாத்தன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மகளைக் கூப்பிட்டு, பசிக்கிறது, ஏதாவது தா என்றீர்கள். மூன்று நாளாகச் சாப்பிடாத ஆள்! அன்றைக்கு இரவு ஷிப்ட் முடிந்து நான் வந்தபோது திரும்பத் திரும்ப என்னைச் சொல்லவைத்தீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பொய்யைக் கூட்டினேன். பாலம், பறவை, வெயில். இரண்டு கிழமையில் நீங்கள் போய்விட்டீர்கள். நல்ல நித்திரையில் என்று மகள் சொன்னாள்.

ஏன் மறுநாள் போகவில்லை? ஷிப்ட் என்று சொல்லலாம். மழை என்று சொல்லலாம். ஆனால் உண்மை அதுவல்ல. அதை விட்டால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். கோயிலுக்குப் போகிறவளுக்கு இப்படியெல்லாம் நினைப்பு வரலாமோ என்று கேட்காதீர்கள், வந்தது. நீங்கள் போன பிறகு, அது உங்கள் கையால் செய்த கடைசிச் சாமான். யாருக்குக் கொடுக்க மனம் வரும்?

மீனைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு நொய்க்குப் போன் எடுத்தேன். அவளுக்கு முழுக்கதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். முதலில் தண்ணீர் எப்போது வற்றுகிறது என்று பார் என்றாள். பார்த்தால், முழுநிலவு நாளில் மத்தியானம் ஏறுகிறது, நாலரைக்கு வற்றுகிறது. நொய் சொன்ன அந்தி நேரத்துக்கே போயிருந்தால் போன வருசமே எல்லாம் சரியாகியிருக்கும். நீங்கள் இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி என்னை ஒரு வருசம் பகிடி பண்ணியிருப்பீர்கள்.

நேற்றுப் போனோம். பூ கறுத்துவிட்டது, வாழைக்குற்றி குளிர் விட்டதும் மெத்தென்று ஆகிவிட்டது. நொய் புதுப் பூ கொண்டுவந்திருந்தாள், நான் வேண்டாம் என்றேன். கடதாசியைப் பிரிக்கவில்லை. "அக்காவுக்குக் கோவம் இல்லையாம்" என்று தண்ணீருக்குத் தமிழிலேயே சொன்னேன். விட்டேன். நேரே போகவில்லை, அக்கா, அதையும் மறைக்கவில்லை. ஒரு முறை சுற்றி என் சப்பாத்தடிக்கே வந்தது. உங்கள் பிடிவாதம். குடைக் காம்பால் தள்ளினேன். பிறகு இழுப்பு அதைப் பிடித்துக்கொண்டது. பாலத்துக்குக் கீழால் போகும்வரை பார்த்தேன். திரி நூரவில்லை. ஒரு வருசத்துக்கு முன் நான் புளுகியது அப்படியே என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிட ஆளில்லை. இருந்தாலும் சொன்னேன். ஓம் அக்கா, விட்டாச்சு. கடல் பக்கம்.

நொய் என் மற்றப் பையைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். உங்களுக்கென்று நான் செய்த விளக்கு. இலை மடிப்பு உங்களுடையதைப் போல வரவில்லை, ஈர்க்கு மட்டும் சரி. பெயரும் எழுதி வைத்திருக்கிறேன். அதையும் விடு, தண்ணீர் இன்னும் வற்றிக்கொண்டுதான் இருக்கிறது என்றாள்.

அடுத்த வருசம் பார்ப்போம் என்றேன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் ஐஸ்கிரீம் பெட்டியைக் கழுவித் துடைத்து, அதற்குள் வைத்து, ஃபிரீசரில் அடியில் தள்ளியிருக்கிறேன். மூடியில் எழுதவேண்டியிருக்கவில்லை. நீங்கள் எழுதியது இருக்கிறது.