ஓடைப் பக்கமா, வேலிப் பக்கமா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உறைக்குள் இரண்டு தாள் இருக்கும். பேனாவில் எழுதியது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது, அதை எப்போதும்போல உன் கூடப் பட்டாளத்தில் இருக்கும் தமிழ்க்காரர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டு. பென்சிலில் எழுதியிருக்கும் இது உனக்கு மட்டும், படித்ததும் கிழித்து நெருப்பில் போட்டுவிடு. நான் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறேன், அந்தக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். அம்மா தூங்கிவிட்டாள். அப்பா கிழங்குக் கொல்லைக்குக் காவல் போயிருக்கிறார். இதையெல்லாம் போனில் கேட்கலாம் என்றால் நீ கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார். மற்ற நாட்களில் உன் மலைக்கு டவர் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பென்னாகரம் ஆஸ்பத்திரியில் கொடுத்த முழங்கால் மாத்திரையை அம்மா வலிக்கும்போது மட்டும்தான் போடுகிறாள், நீ ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் காதில் வாங்குவதில்லை. குச்சிக்கிழங்கு இந்த வருடம் நன்றாகப் பிடித்திருக்கிறது, பன்றியும் அதற்குத் தகுந்த மாதிரி வருகிறது. கீழ்க்கோடி முழுக்க ஏர் ஓட்டியதுபோலக் கிளறிப் போட்டுவிட்டது. அப்பா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு விடிய விடியக் காவல் பரணில் உட்கார்ந்திருக்கிறார், லாரி வந்து கிழங்கை ஏற்றுகிறவரை இப்படித்தான் போகும். நம் நாய் செவலை இருந்திருந்தால் அவருக்குத் துணையாகப் போயிருக்கும். அது செத்ததுதான் உனக்குத் தெரியும், எப்படிச் செத்தது என்று யாரும் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. நீ லீவுக்கு வந்துபோன பிறகு கார்த்திகையில் ஒரு நாள் காலைச் சோற்றுக்கு அது வரவில்லை. நானும் அப்பாவும் தேடிக்கொண்டு போனோம். நம் கொல்லைக்கும் பச்சியப்பன் மாமா கொல்லைக்கும் நடுவில் கிளுவை வேலி இருக்கிறது அல்லவா, அங்கே கிடந்தது. இடுப்பில் கம்பிச் சுருக்கு. பைக் கிளட்ச் கம்பி, இழுக்க இழுக்க இறுகுகிற மாதிரி முடிந்து வேலிக்கல்லில் கட்டியிருந்தது. சுற்றியிருந்த மண்ணையெல்லாம் காலால் பறித்துப் போட்டிருந்தது. கத்தியிருக்கும் அண்ணா, நமக்குத்தான் கேட்கவில்லை. அப்பா கட்டிங் பிளேயர் எடுத்துவர வீட்டுக்கு ஓடினார், நான் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டியது. அப்பா வருவதற்குள் போய்விட்டது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கள் சமூக அறிவியல் டீச்சர் கிராம சபையில் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். நானே உட்கார்ந்து எழுதினேன். பன்றியைப் பிடிக்க யாரும் கம்பி வைக்கக் கூடாது, வனத்துறையே கூண்டு வைத்து உயிரோடு பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விட வேண்டும், அதற்குத் தனியாகச் சட்டம் வேண்டும் என்று எழுதினேன். கடைசி வரியில் கம்பி வைத்தவரைச் சிறையில் போட வேண்டும் என்றும் எழுதினேன். பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். குடியரசு தினத்தன்று கிராம சபையில் எழுந்து படித்தேன். மேல்தெரு ராஜப்பன் எழுந்து, "நாயிக்கு ஒரு சட்டம், பன்னிக்கு ஒரு சட்டம்னா, எங்க கெழங்குக்கு எவன் சட்டம் போடுவான்? நாளக்கி பன்னியும் மனு எழுதிக்கினு வரும், அதயும் நீயே படிச்சிடு பாப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. எழுந்து நின்று, "எம் பொண்ணு சொல்றதுல என்னா தப்பு? கம்பி வச்சவன் எவன்னு கண்டுபுடிக்கறது பெரிய வித்தையா? கம்பி வச்ச அன்னிக்கி எவனும் சொந்த நாய அவுத்து வுட மாட்டான். பொழுதோட எவன் வூட்டு நாயி சங்கிலியில கெடக்குதோ அவன்தான்" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பச்சியப்பன் மாமாவைப் பார்த்தார்கள். அவர் வீட்டு நாய் பொழுது சாயும்போதே கட்டிக் கிடக்கும் என்று ஊருக்கே தெரியும். மாமா மெதுவாக, "கடிக்குது, கட்டிப் போடுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க" என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வனத்துறையிலிருந்து வந்திருந்த வனவர் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். அப்பாவுக்கும் மாமாவுக்கும் வரப்புத் தகராறு இருப்பது உனக்குத் தெரியும். ஆனால் அப்பா வேண்டுமென்றே சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, அவர் உண்மையாகவே அப்படி நம்புகிறார்.

எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு வனத்துறைக்காரர்கள் மாமா வீட்டுக் கொட்டகையில் தேடிப் பழைய கம்பிச் சுருள் ஒன்றை எடுத்துப் போனார்கள். அது யார் வீட்டில் இல்லை, நம் வீட்டில் கோழிக்கூண்டைக் கட்டியிருப்பதே அந்தக் கம்பிதான். அவரை ஆபீசுக்கு வரச் சொல்லி வரச் சொல்லி விசாரிக்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற வேலையெல்லாம் அப்படியே கிடக்கிறது. அவர் மகள் மணிமேகலை என் வகுப்புதான், பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைப்பவள், அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன வாரம் நானாகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "எங்க வூட்டு நாயி வருசம் பூரா கட்டித்தான் கெடக்குது. உங்க வூட்டு நாயி உங்கண்ணன் தீவாளிக்கி வந்தப்ப மட்டுந்தான் கட்டிக் கெடந்துச்சு. அத ஏன்டி சபையில சொல்லல?" என்று கேட்டாள். இறங்கும்போது, "நா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றாள்.

அண்ணா, அதிலிருந்து எனக்கு எதுவுமே புரியவில்லை. நீ வந்த நாளிலிருந்து சாயங்காலமானால் செவலையைச் சங்கிலியில் கட்டினாய். சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது என்று சொன்னாய். ஊரில் வேறு யாரும் சிறுத்தையைப் பற்றிப் பேசவில்லை. லீவு முடிவதற்குள் அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று நீ கிளம்பும்போது பஸ் படியில் நின்றுகொண்டு, "மதி, செவலய ராத்திரியில அவுக்காத" என்றாய். ஏன் என்று சொல்லவில்லை. நீ போன பிறகு அது ஊளையிட்டுக்கொண்டே இருந்தது, எனக்கு மனசு தாங்காமல் அவிழ்த்துவிட்டேன். அப்பா போனில் செவலை செத்துவிட்டது, கம்பியில் மாட்டிக்கொண்டது என்று சொன்னபோது நீ எப்படி என்று கேட்கவில்லை, எப்போது என்றும் கேட்கவில்லை. "எங்க? ஓடப் பக்கமா, வேலிப் பக்கமா?" என்று கேட்டாய். அப்பா வேலிப் பக்கம் என்றார். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை. அம்மா, "புள்ள அழுவுது, ஒண்ணும் கேக்காதீங்க" என்று போனை வாங்கிவிட்டாள். நானும் நீ அழுகிறாய் என்றுதான் நினைத்தேன். இப்போது படுத்தால் அந்தக் கேள்விதான் காதில் ஓடுகிறது. வேலிப் பக்கம் கிடந்தது. அப்படியானால் ஓடைப் பக்கம் என்று நீ ஏன் கேட்டாய்? அங்கேயும் ஒன்று இருக்கிறதா?

நீ கம்பியைக் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். போன வருடம் பன்றி கிழங்கைத் தின்று தீர்த்தபோது அப்பா சாப்பிடாமல் படுத்துக் கிடந்ததை நீயும் பார்த்தாய். போவதற்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பாய், அவசரத்தில் முடியாமல் போயிருக்கும். இப்படி நானே உனக்காகப் பேசிக்கொள்கிறேன், உடனே செவலையின் தலை என் மடியில் கனக்கிறது, உன்மேல் கோபம் வருகிறது. பிறகு சங்கிலியை அவிழ்த்தது நான்தானே என்று தோன்றுகிறது. நீ வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லியிருந்தால் நான் அவிழ்த்திருப்பேனா? யார்மேல் கோபப்பட வேண்டும் என்று தெரியாமல் கோழியை விரட்டி அடித்தேன், அம்மா என்னைத் திட்டினாள். இதில் எதுவுமே உன் வேலை இல்லை என்றால் என்னை மன்னித்துவிடு, திட்டி எழுது, நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஓடைக் கரையில் தட்டித் தட்டித் தேடுகிறேன். உண்ணிச் செடியும் புல்லும் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துவிட்டன, எதுவும் கண்ணில் படவில்லை. அப்பா பரணுக்குப் போவது ஓடை வழியாகத்தான். சுற்றி ரோட்டு வழியாகப் போங்கப்பா என்றேன். எதுக்கு என்று கேட்டார். பாம்பு இருக்கிறது என்றேன். "பாம்பு என்னப் பாத்துதான் பயப்படணும்" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். மாமாவின் ஆடுகள் அங்கேதான் மேய்கின்றன. மணிமேகலை தம்பி ஆட்டுக்குப் பின்னால் வெறுங்காலோடு ஓடுகிறான்.

வனவரைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பார்த்தபோது பயத்தோடு ஒன்று கேட்டேன். கம்பி வைத்தவர்களே மனசு மாறி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தால் வழக்கு இல்லாமல் விடுவீர்களா சார் என்றேன். அவர் நல்லவர்தான், கோபப்படவில்லை. "அதுக்குச் சட்டத்துல எடமே இல்ல பாப்பா. வச்சது வச்சதுதான். யாருன்னு பேரச் சொல்லு, மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார். அப்படியென்றால் யார் எடுப்பார்கள் அண்ணா? எடுக்கப் போகிறவன் கையில் கம்பியோடு பிடிபட்டால் அவன்தான் குற்றவாளி. அதனால் எல்லோரும் பேசாமல் இருப்பார்கள், கம்பியும் அங்கேயே கிடக்கும், நாய் வரும், ஆடு வரும், குழந்தை வரும். நான் கேட்டிருக்க வேண்டிய சட்டம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. இத்தனை நாளைக்குள் எடுத்துக் கொடுத்துவிடு, உன்னைக் கேட்க மாட்டோம் என்று ஒரு சட்டம். நான் சிறையில் போடு என்று எழுதிவிட்டேன், கூட்டத்தில் சத்தமாக வேறு படித்தேன். அந்த வரியை மட்டும் அடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

நாளைக் காலையில் வனவர் நம் வீட்டுக்கு வருகிறார். மனு கொடுத்தது நான் என்பதால், தீபாவளி சமயத்தில் பச்சியப்பன் மாமா வீட்டு நாய் கட்டிக் கிடந்ததைப் பார்த்தேன் என்று நான் சொல்ல வேண்டுமாம், அப்பாவும் நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அது பொய் இல்லை, கட்டித்தான் கிடந்தது. ஆனால் நான் கையெழுத்துப் போட்டால் மாமாவை உள்ளே கொண்டு போய்விடுவார்கள். எங்கள் நாயும் கட்டிக் கிடந்தது சார் என்று சொன்னால் கட்டியது யார் என்று கேட்பார்கள். வழக்கு என்று வந்தால் உன் வேலை போய்விடுமா? உன் யூனிபாரம் போட்டோவைத்தான் அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். உன்னிடம் கேட்காமல் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன், ஆனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நாளைக் காலை வந்துவிடும். நம் நாயும் கட்டிக் கிடந்தது, அது வரைக்கும் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அதற்கு மேல் கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் விட்டுவிடுவார்களா என்று தெரியவில்லை. நான் எப்படிச் சொல்லியிருந்தாலும் என்னை வெறுத்துவிடாதே.

நீ எனக்கு ஒன்றே ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, என் படிப்பைப் பற்றி விசாரிக்கிற மாதிரி பேசிக்கொண்டே ஓடையில் எந்த இடம் என்று சொல்லிவிடு. புங்கமரம் என்றால் புங்கமரம், பாறை என்றால் பாறை. யாரும் பார்க்காமல் நானே போய் எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டரைக் கழற்றாதே என்று அம்மா உன்னிடம் சொல்லச் சொன்னாள். குலசாமி உன்னைக் காப்பாற்றட்டும், என்னையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும். இந்தத் தாளைக் கிழிக்க மறக்காதே.

உன் தங்கை,
கலைமதி

அண்ணா, எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன், கொல்லைப் பக்கம் டப்பாச் சத்தம் இன்று வெகு நேரமாகவே கேட்கவில்லை. அப்பா பரணில் தூங்கிவிட்டாரோ என்னவோ. அவர் அப்படித் தூங்குகிற ஆள் இல்லை, இன்றும் ஓடை வழியாகத்தான் போனார். டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோட்டு வழியாகப் போய்ப் பார்க்கலாமா, அம்மாவை எழுப்பலாமா, எழுப்பினால் என்னவென்று சொல்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவாக இருந்தால் மதி என்று கூப்பிட்டுக்கொண்டே தட்டுவார். கூப்பிடவில்லை