வெள்ளை அரையணா

சிட்லபாக்கம்
பிப்ரவரி 9

மகன் ஜெஃப்ரிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம். நீ சுகமா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். அவள் முழங்காலுக்கு ஊசி போட்டாயிற்று, உன் தங்கை டெபோரா கீழ்க்கட்டளையிலிருந்து வாரம் ஒரு முறை வந்து பார்த்துக்கொள்கிறாள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் தாம்பரத்தில் எங்கள் தபால்தலைச் சங்கத்தின் கண்காட்சி நடந்தது, என் சிந்து மாகாணத்து வெள்ளை அரையணாவை வைத்திருந்தேன். நீ எடுத்தது என்னவென்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். 1852-இல் ஆசியாவிலேயே முதன்முதலாக அங்கேதான் தபால்தலை விட்டார்கள். சிவப்பு அரக்கில் செய்தது உடைந்து உதிர்ந்தது, வெள்ளைத் தாளில் மையே இல்லாமல் புடைப்பாக அழுத்தியது மங்கலான வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை, பிறகு நீலத்தில் அடித்தார்கள், இரண்டே வருஷத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி மிச்சத்தை அழித்தார்கள். தப்பிப் பிழைத்த வெள்ளையில் ஒன்றுக்காக, ரயில்வே தபால் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் சேர்த்த சமஸ்தானத் தபால்தலைகள் அத்தனையையும் மாற்றாகக் கொடுத்தேன். சங்கச் செயலாளர் ராஜகோபாலன் அதை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்துவிட்டு, "லாசரஸ் சார், புடைப்பே இல்லியே. இது பிரிண்ட்டு சார்" என்றார். சுற்றி நாற்பது பேர். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் பீரோவைத் திறந்தவன் நீ ஒருவன்தான், அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. போலியை வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். மோசடிக்காரன் என்று சங்கத்திலிருந்து நீக்கினார்கள். முப்பது வருஷ சிநேகிதன் பத்ரி, தாம்பரம் ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் அடுத்த பெட்டியில் போய் ஏறினான்.

அதையும் பொறுத்திருப்பேன். டெபோரா போனில் கேட்டதற்கு, "அப்பாவுக்கு அப்புறம் எனக்குத்தானே, முன்னாடியே எடுத்துக்கிட்டா என்னா?" என்றாயாம். நான் உயிரோடு இருப்பது உனக்கு அவ்வளவு இடைஞ்சலா? சனிக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு அழைக்காமலே போனேன். மாற்றி வைத்தது மெல்போர்னில் இருக்கிற என் மகன் ஜெஃப்ரி, அவனுக்காகப் பொய் சொன்னது நான் என்று எழுந்து நின்று சொன்னேன். பத்ரிதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருப்பா" என்றான். என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். உன்னை ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன் என்று அம்மா என்னோடு பேசுவதில்லை. ஆமாம், அவமானப்படுத்தினேன். வருத்தமில்லை. அந்த அரையணாவின் படம் எல்லா வியாபாரிகளிடமும் போயாயிற்று, உன்னால் அதை விற்க முடியாது. திருப்பி அனுப்புகிற வரை இந்த வீட்டுப் படி ஏறாதே. அதுவரை அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதே, ஈரம் கட்டும். மேலே கனமாக எதையும் வைத்துப் புடைப்பை நசுக்கிவிடாதே.

ஆசீர்வதிக்க எனக்கு இப்போது மனம் வரவில்லை, கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், அவருக்கு என்னைவிடப் பொறுமை அதிகம். இருபத்தொன்றாம் தேதி அம்மாவின் பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு. அவள் எண்ணில் கூப்பிடு, என் எண்ணில் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
தே. லாசரஸ்