குடோனில் ஒதுங்கிய சுரூபம்

இயேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சி
4-12-77

அன்பு மகன் இன்னாசிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பூனா குளிரில் நீயும் அப்படியே இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து வடிந்துவிட்டது. அரியமங்கலம் குடோனில் அடி வரிசை வெங்காய மூட்டையெல்லாம் அழுகிப்போச்சு, நாற்றம் இன்னும் போகவில்லை. போனது போகட்டும், உயிர் பிழைத்தோம்.

உன் கடிதம் வந்தது. திருச்சபை வரலாறு படிக்கப் படிக்க, அந்தக் காலத்து ராஜாக்கள் கோயில் சுரூபங்களை உடைக்கச் சொன்னதும், வெறும் மரம் என்று ஒரு கட்சியும் இல்லை என்று ஒரு கட்சியும் அடித்துக்கொண்டதும் தெரிந்து மனசு விட்டுப்போச்சு, கிறிஸ்துமஸோடு சாமியார் படிப்பை நிறுத்தி, குருமடத்தை விட்டு வந்து கடையில் உட்காருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒளிக்காமல் சொல்கிறேன், படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான். ஒரே பிள்ளை, இந்த வியாபாரத்தை வேறு யாரிடம் விடுவது. உடனே வா என்று கார்டு எழுதினேன். ஆனால் தபாலில் போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

தண்ணீர் வடிந்து குடோனைத் திறந்தபோது சேற்றில் ஒருத்தர் கையை விரித்துப் படுத்திருந்தார். மூட்டை தூக்கும் பிச்சமுத்து, பிணம் என்று அலறிவிட்டான். கிட்டே போய்ப் பார்த்தால், பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையிலிருந்து இறக்குவார்களே, கை மடங்குவதற்குத் தோளில் தோல் கீல் வைத்த அந்த ஆண்டவர் சுரூபம். எந்த ஊர்க் கோயிலிலிருந்து மிதந்து வந்ததோ, விசாரித்த பங்குக் கோயில்களில் யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. சாமியாரைக் கேட்டேன், "பழசானா எரிச்சிடலாம், இல்லன்னா புதைச்சிடலாங்க, மரந்தானே" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அதற்குள் துறையூர் லோடு வந்துவிட்டது, இடம் வேண்டும். விரதம் இருக்கிறவர்கள்தான், அதுவும் பெரிய வெள்ளி ஒரு நாள்தான், அந்தக் கையை மடக்குவார்கள் என்று தெரிந்தும் நானே மடக்கி, சணல் கயிற்றால் மார்போடு கட்டி மூலையில் சாத்தினேன். மறுநாள் பூட்டைத் திறந்தால் கை இரண்டும் விரிந்திருக்கிறது. கயிறு காலடியில் கிடக்கிறது, முடிச்சு போட்டபடியே இருக்கிறது. ஈரத் தோல் காயும்போது இழுத்து உருவிக்கொண்டிருக்கும் என்று இன்னும் இறுக்கிக் கட்டினேன். திரும்பவும் அப்படியே. குடோனுக்கு ஒரே சாவி, அது என் இடுப்பில். பிச்சமுத்து வாசலைத் தாண்டி வர மாட்டேன் என்கிறான். "யாரையோ தன்னைத் தூக்கச் சொல்லிக் கை நீட்டுறாரு முதலாளி. சின்ன முதலாளி சாமியாரா வந்தா அவருக்குத் தெரியும். அதுவரைக்கும் கட்டாதீங்க" என்கிறான். கட்டுவதை விட்டுவிட்டேன்.

எலி, காற்று, ஈரம் எல்லாம் யோசித்துப் பார்த்தவன் நான். சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் என்றைக்கும் விலை சொன்னதில்லை, அதனால் நேற்றுக் காலை அந்தக் கையையும் பிடித்துப் பார்த்தேன். வெயில் படாத மூலை அது. தரை சில்லென்று இருந்தது, சுவரும் சில்லென்று இருந்தது. கை சூடாக இருந்தது.

கடையில் உட்காரச் சம்பளத்துக்கு ஆள் கிடைப்பான் இன்னாசி, இது என்னவென்று சொல்லத்தான் ஆள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வா, ஆனால் பெட்டி படுக்கையெல்லாம் கட்டிக்கொண்டு வராதே. முதலில் நீயும் அந்தக் கையைப் பிடித்துப் பார். பிறகு குருமடத்துக்கு என்ன எழுத வேண்டுமோ எழுது, நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அம்மா அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்திருக்காமல் போட்டுக்கொள். மாதாவின் காவல் உன்னோடு இருக்கட்டும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே குடோனுக்கு வர மறக்காதே. சாவியோடு வாசலில் நிற்பேன். இனிமேல் தனியாக உள்ளே போவதில்லை என்று இருக்கிறேன்.

இப்படிக்கு உன் அப்பா,
ம. அடைக்கலராஜ்