ஆடாத மீன்கொத்தி

அன்பு மனைவிக்கு, முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

ஏரியில் பறவை எண்ணும் என் வேலைக்கு பைனாகுலர் வாங்கப் போனேன். பெரியதில் காட்சி பளிச்சென்று இருந்தது. ஆனால் எதிர்க் குளக்கரையில் மீன்கொத்தி ஓயாமல் ஆடியது.

"காத்து பலமோ?" என்றேன்.

"பறவை ஆடல பெரியவரே, நீங்கதான் ஆடுறீங்க!" என்றார் கடைக்காரர்.

கனம்தான் காரணம், பயப்படாதே. சிறியதில் ஓரங்கள் சற்று மங்கல், ஆனால் கைக்கு அடக்கம். மீன்கொத்தி அசையாமல் நின்றது. அது கண் சிமிட்டியதைக்கூடப் பார்த்தேன்! அதையே வாங்கினேன், சரிதானா என்று இன்னும் சந்தேகம்.

இதை அவரவர் கண்களின் இடைவெளிக்கு ஏற்ப மடக்க வேண்டுமாம். நீயும் இதில் பார்க்க வேண்டுமே, உன் இரு கண்மணிகளுக்கும் நடுவே நூல் வைத்து அளந்து, அந்த நூலையே அனுப்பு. இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனிக்கவேயில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உன் கணவன்