சுகந்திக்குப் போடாத ஊசி

என் அன்புத் தங்கச்சி தவமலருக்கு,

நலம் விசாரித்துத்தான் எனக்குக் கடிதம் தொடங்கத் தெரியும். உம்மிடம் அதை எப்படிக் கேட்பது? எங்கள் ஊர் மருத்துவிச்சி நீர் கண்மூடிப் பதினாறு மாதமாகிறது. இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்றும் எனக்குத் தெரியாது. ஆனாலும் இன்று மதியத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சங்கக்கடையைத் திறந்தேன், பூட்டினேன், மறுபடி திறந்தேன். மண்ணெண்ணெய்க்கு வந்த சனத்தோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். கடைசியில் ஒரு கொப்பித் தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சுகந்தி இன்று என்னிடம் ஒன்று கேட்டாள். "அப்பா, எனக்கு ஏன் உந்த ஊசி போடேல்லை?" பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் அறிவித்தல் சொல்லுகிற வாய் இது. மூத்த மகளின் ஒரு கேள்விக்குத் திறக்கவில்லை. அவளுக்குச் சொல்வதற்கு முன் உமக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் மகன் கபிலனை நீர் காணவில்லை. இப்போது பதினைந்து மாதம். கன்னம் நிறையச் சதை, தாயின் மூக்கு. கிபிர் விமானம் வந்தால் நாங்கள் எல்லாரும் செருப்பையும் விட்டுவிட்டுப் பங்கர்க் குழிக்குள் விழுவோம். அவன் மட்டும் சுகந்தியின் இடுப்பில் இருந்தபடி கரண்டியைச் சப்பிக்கொண்டிருப்பான். குண்டு விழுந்து நிலம் அதிரும்போதுதான் மெல்லத் திரும்பிப் பார்ப்பான். "என்ர பேரன் ஒண்டுக்கும் பயப்பிடான்" என்று கடைக்கு வந்தவர் போனவர் எல்லாரிடமும் பெருமையடித்தேன். ஒரு வருடம் இதைச் சொல்லித் திரிந்தேன், தங்கச்சி.

போன மாதம் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தட்டத்தில் ஓங்கி அடித்தார். நான் துள்ளினேன். பிள்ளை அசையவில்லை. வயிற்றில் இருக்கும்போது தாய்க்குக் காய்ச்சலும் செந்தடிப்பும் வந்ததா என்று டாக்டர் கேட்டார். வந்தது. மூன்றாம் மாதத்தில், இரண்டே நாள். வெயிற்சூடு என்று நினைத்து வேப்பிலைத் தண்ணீரில் குளிக்கவார்த்தோம். வயிற்றிலேயே பிள்ளையின் காதைக் கெடுத்தது ருபெல்லாவாக இருக்கலாம் என்றார். இருக்கலாம், அவ்வளவுதான். சோதித்து முடிவு சொல்ல இங்கே வசதியில்லை, வெளியே கொண்டுபோகப் பாதையில்லை. நீர் இருந்திருந்தால் அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை உம்மிடம் கொண்டுவந்து, அது எவ்வளவு பாரம் என்று கேட்டிருப்பேன்.

சமாதான காலத்தில் வந்த அந்தப் பேப்பர் உமக்கு நினைவிருக்கும். ருபெல்லா ஊசிக்காகச் சுகாதாரப் பணிமனையிலிருந்து தட்டச்சில் அடித்து வந்தது. பதினாறு வயது முதல் இருபது வயது வரையான ஆண், பெண் அனைவரும் சனிக்கிழமை பொதுநோக்கு மண்டபத்துக்கு வரவேண்டும், குடும்பத் தலைவர்கள் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரமெல்லாம் போய் அப்படியே வாசித்தேன். அப்படியேகூட இல்லை. 'தவறாது சமூகமளிக்கவும்' என்று என்னுடைய சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். கம்பீரமாக இருக்கட்டும் என்று.

சனிக்கிழமை மண்டபத்தில் நீர் ஊசி மருந்து ஐஸ் பெட்டியோடு இருந்தீர், நான் மைக்கோடு இருந்தேன். பத்து மணிவரை வந்தது ஒரே ஒரு கிழவர். அவரும் என் குரலை மரண அறிவித்தல் என்று நினைத்து வாசலில் நின்று, "ஆற்றை செத்தவீடு, தம்பி?" என்று கேட்டார். நீர் பதிவுத் தாளால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தீர். பிறகு அந்தப் பேப்பரை என் கையிலிருந்து பிடுங்கி வாசித்தீர், சிரிப்பு நின்றுபோயிற்று.

"அண்ணை, இதை எழுதினவருக்கு வீட்டிலை குமர்ப்பிள்ளை இல்லையோ?"

"ஏன் தங்கச்சி, என்ன பிழை?"

"பதினாறிலையிருந்து இருபதாம். பேரும் வயசும் எழுதித் தரவாம். அதையும் உங்கடை குரலிலை. தாய்மார் என்ன நினைப்பினம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே வயதுப் பிள்ளைகளைத்தான் சண்டைக்கு ஆள் சேர்க்கிறவர்களும் வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். சமாதானம் என்று பெயர் வைத்தாலும் அந்த எழுத்து நிற்கவில்லை. அவர்களுடைய கூட்டங்களுக்கு அறிவித்ததும் இதே லாண்ட்மாஸ்டரில் இதே குரல்தான். என் சத்தம் வாய்க்காலைத் தாண்டுவதற்கு முன்பே ஊரில் இருந்த இளம்பிள்ளைகள் எல்லாம் பற்றைக்குள்ளும் மாமி வீட்டிலும் ஒளிந்துவிட்டார்கள்.

ஆனால் பட்டியலுக்குப் பயம் என்று வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. ஊசிக்குப் பயம் என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒரு கிழமைக்குள் கதை பரவிவிட்டது. அந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காதாம். கொழும்பிலிருந்து எங்களுக்கென்று தனியாக வந்த மருந்தாம். பணிமனையும் பதறிப்போய் ஒரு சுவரொட்டி அடித்தது: 'இந்த ஊசியால் மலட்டுத்தன்மை ஏற்படாது.' அதுவரை அந்தக் கதையைக் கேள்விப்படாதவர்களுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தச் சுவரொட்டிதான். ஒட்டியதில் பாதி நானே ஒட்டினேன். கேட்காத கேள்விக்கு இவ்வளவு பெரிய எழுத்தில் பதில் சொல்லுகிறார்களே என்று நீர் தலையில் கைவைத்தீர்.

பிறகு நீர் உம்முடைய வழிக்கு வந்தீர். பதிவுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, வெயில் உச்சிக்கு ஏறித் தெரு ஒழுங்கையில் ஒரு காகமும் இல்லாத நேரத்தில் பின்னால், அடுப்படியுள்ள குசினிப் பக்கத்தால் போனீர். பெயர் கேட்கவில்லை. ஊசி போட்டு முடிந்ததும் ஒரு கொப்பியில் கோடு மட்டும் கீறினீர். பணிமனையில் உமக்கு ஏச்சு விழுந்தது எனக்குத் தெரியும். "கோட்டுக்கு ஊசி போட்டனியோ, ஆளுக்குப் போட்டனியோ?" என்று கேட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்.

இனித்தான் நான் சொல்லவேண்டியது. ஒரு நாள் கடைக்கு வந்து சவர்க்காரம் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டீர். "அண்ணை, உங்கடை சுகந்திக்கு இப்ப எத்தினை வயசு?"

"பதினைஞ்சு" என்றேன்.

அவளுக்குப் பதினேழு. என் அறிவித்தலைக் கேட்டதும் அவளை முதலில் ஒளித்தது என்ர மனுசி யோகம்தான். பதினைந்து என்று சொல்லு என்று என்னிடம் சொன்னதும் அவள்தான். ஊர் கேட்டால் சொல்லவேண்டும் என்பதற்காகச் சொல்லித்தந்த வயது அது. அதை நான் உம்மிடமும் சொன்னேன். குசினிப் பக்கத்தால் வருகிற உம்மிடம், பெயர் எழுதாத உம்மிடம். ஏன் சொன்னேன்? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சொல்லிப் பழகிய வாய், அவ்வளவுதானா?

நீர் என்னை ஒரு கணம் பார்த்தீர். "அப்ப சரி" என்று சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டீர். நான் சொன்னது பொய் என்று உமக்குத் தெரிந்ததா, தங்கச்சி? அவள் சிறுமியாக இருந்தபோது கிளினிக்கில் அவளை எடை நிறுத்தவரும் நீர்தானே. தெரிந்தும், நான் வெட்கப்படுவேன் என்று விட்டுவிட்டீரா? அதற்குப் பிறகு மூன்று தரம் எங்கள் வீட்டுக்கு வந்தீர். மூன்று தரமும் யோகம் தேத்தண்ணி தந்து வேறு கதை கதைத்து அனுப்பினாள்.

பத்தொன்பது வயதில் அவளை அவசரமாகக் கட்டிக்கொடுத்தோம். கலியாணம் முடித்த பெட்டையைச் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்ற ஒரே நினைப்பு. வயிற்றில் பிள்ளை. அந்தத் தடிப்பு வந்து போன மறுமாதம் நான் உம்மைப் பார்க்க வந்தேன். மறுபடி சண்டை தொடங்கிப் பாதை பூட்டியிருந்தது. மார்பில் கட்டி என்று தெரிந்தும் தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் கட்டிலில் கிடந்தீர். எல்லாரையும் வேளைக்குக் கிளினிக்குக்கு வா என்று துரத்தியவர், உமக்கென்று வரும்போது பிந்திப்போனீர் என்று எனக்கு உம்மில் ஆத்திரமாகக்கூட வந்தது. அந்த நிலையிலும் கேட்டீர்: "சுகந்தி எப்பிடி அண்ணை?" "நல்ல சுகம்" என்றேன். அது இரண்டாவது பொய். அன்று சொல்லியிருந்தாலும் ஆகவேண்டியது ஆகியே இருக்கும். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

இப்போது உம்முடைய இடத்துக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறா, சர்மிளா என்று பெயர். நல்ல பிள்ளை, ஆனால் சட்டம் பார்க்கிற பிள்ளை. முந்தநாள் ஒரு பேப்பரோடு வந்தா. ருபெல்லா ஊசி தவறவிட்ட பெண்பிள்ளைகள் எல்லாரும் அடையாள அட்டையோடு வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு வரவேண்டுமாம். "ஐயா, உங்கடை குரல் ஊருக்கே தெரியுமாம், நல்லாச் சத்தமா வாசியுங்கோ" என்றா. வீட்டில் சின்னவள் வாணிக்குப் பதினாறு. பள்ளிக்கூடத்தில் போட்ட அன்றும் யோகம் அவளை மறித்துவிட்டாள். இப்போது ஆள்பிடிப்புக்குப் பயந்து அவள் ஒழுங்கைக்கு வந்தே நாலு மாதம்.

யோகத்திடம் கதைத்துப் பார்த்தேன்.

"எனக்கென்ன ஊசியே பயம்? எழுதுறதுதான் பயம். கபிலனைப் பாத்த பிறகும் வேண்டாமெண்டு சொல்ல நான் என்ன விசரியே? ஆனா வெள்ளிக்கிழமை அவளை றோட்டாலை கூட்டிக்கொண்டு போக என்னாலை ஏலாது."

"அப்ப என்ன செய்யிறது?"

"தவமலர் இருந்தா இஞ்சை வந்திருப்பா."

நேற்று சர்மிளாவிடம் போனேன். அறிவித்தல் சொல்லமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டா. சொன்னேன், கபிலனைப் பற்றி, உம்முடைய கோட்டுக் கொப்பியைப் பற்றி. கடைசியில், "என்ர வீட்டிலை பதினாறு வயசிலை ஒருத்தி இருக்கிறாள் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கு நான் சரியான வயதைச் சொன்னது அதுதான் முதல் தரம். சர்மிளா புத்தகத்தை மூடி, "நாளைக்கு மத்தியானம் வாறன் ஐயா. பின்பக்கம் எதாலை வாறது?" என்று கேட்டா.

இன்று மதியம் வந்தா. குசினி வாசலில் வாணியை இருத்தி, யோகம் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, ஊசி போட்டாயிற்று. ஒரு நிமிடம்கூட இல்லை. இதற்காகவா இவ்வளவு வருடம்? சர்மிளா ஐஸ் பெட்டியை மூடப்போன நேரம் யோகம் அவவின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, இன்னும் மருந்து கிடக்கோ? பின் வளவிலை ஒருத்தி இருக்கிறாள். அதுக்கு அங்காலை, பனையடி வீட்டிலை ரெண்டு பேர்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை ஒளிந்திருக்கிறது என்பது முழுக்க யோகத்துக்குத் தெரியும். ஒரு தாளிலும் இல்லை, ஒலிபெருக்கியிலும் இல்லை. தாய்மார் தங்களுக்குள் வைத்திருந்த விஷயம். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள், சர்மிளா பின்னால் போனா. இந்த ஊரில் எத்தனை வருடம் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் சுகந்தி கேட்டாள். கபிலன் அவள் தோளில் நித்திரை. அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் நின்றிருப்பேன். "எனக்கு ஏன் போடேல்லை? இவ்வளவு நாளும் நான் ஏதோ செய்துபோட்டன் எண்டெல்லே நினைச்சுக்கொண்டிருந்தனான். கிரகண நாளிலை கிணத்தடிக்குப் போனனான், அதாலையோ எண்டு" என்றாள். ஒரு மாதமாக என் பிள்ளை கிணற்றடியை நினைத்து அழுதிருக்கிறாள், தங்கச்சி. ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒழுங்கை திரும்பி வருவது தெரிகிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயிலில், செருப்பில்லாமல் கடைக்கு வருகிறாள். நான் ஓடிவந்ததே அவளுக்குப் பாதிப் பதிலாகியிருக்கும்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பணிமனைப் பேப்பரைக் குறை சொல்லமாட்டேன். பட்டியல் எழுதியவர்களை, அந்தக் காலத்தை, எதையும் எனக்கு முன்னால் நிறுத்தமாட்டேன். உன்ர அம்மாதான் சொல்லச்சொன்னவா என்று சொல்லமாட்டேன். டாக்டர் சொன்ன 'இருக்கலாம்' என்ற சொல்லுக்குப் பின்னாலும் ஒளியமாட்டேன். உனக்கு ஊசி போடத் தவமலர் வந்து வயது கேட்டவா, பதினைந்து என்று பொய் சொன்னவன் நான்தான், நீ ஒன்றும் செய்யவில்லை பிள்ளை என்று சொல்லுவேன். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

வாசலுக்கு வந்துவிட்டாள். எழும்புகிறேன்.

உம்மிடம் பொய் சொன்ன,
உம்முடைய அண்ணன்
சிவபாதம்